பன்னெண்டு கைக்காரருகிட்ட குடுத்த தையல்

கொஞ்சம் தள்ளி உக்காருங்க தங்கச்சி. பையக் கீழ வச்சா யாராவது மிதிச்சிருவாவ, மடியில வச்சுக்கிடுதேன். ஒண்ணும் நெனச்சுக்கிடாதிய, பஸ்ஸுல ஏறுனதுல இருந்து பாத்துக்கிட்டே நிக்கேன், கேக்காம இருக்க முடியல. இந்த ஜாக்கெட்ட யாரு தச்சது? தோள்பட்ட ஏன் இப்படி இழுத்துக்கிட்டு நிக்கி? கழுத்து ஒரு பக்கம் போகுது, நீங்க ஒரு பக்கம் போறிய. கோவிக்காதிய. இருவத்தஞ்சு வருசமா இதே தொழிலு. எனக்கு மனுச மூஞ்சி ஞாபகம் இருக்காது, முதுகு ஞாபகம் இருக்கும்.

கண்டக்டர் தம்பி, திருச்செந்தூர் ஒண்ணு குடுங்க.

ஆமா, கோயிலுக்குத்தான். முருகனுக்கு ஒரு காணிக்க கொண்டு போறேன், இந்தப் பையில இருக்கு. என்னன்னு பொறவு சொல்லுதேன். நான் பாளையங்கோட்டதான். பூரணவல்லி டெய்லர்னு எங்க தெருவுல யாருட்ட வேணாலும் கேளுங்க, வீட்டக் காட்டுவாவ. போன மாசம் கேட்டிருந்தா கொஞ்சம் திட்டிட்டுக் காட்டியிருப்பாவ. அந்தக் கூத்தத்தான் சொல்ல வாரேன்.

என்கிட்ட ஒரு கெட்ட பழக்கம் உண்டு தங்கச்சி. யாரு துணியக் கொண்டாந்தாலும் முடியாதுன்னு சொல்ல வாய் வராது. "வச்சிட்டுப் போங்க, வெள்ளிக்கிழம தாரேன்"ம்பேன். எந்த வெள்ளிக்கிழமன்னு சொன்னாத்தான தப்பு? இப்படியே சொல்லிச் சொல்லி, போன தீவாளிக்கு வீடு முழுக்கத் துணி. கட்டில்ல துணி, பீரோ மேல துணி, அரிசிப் பானைக்கு மேல துணி. எங்க வீட்ல அவிய ஒரு வாரம் யாரோ கல்யாணப் பொண்ணு பட்டு ஜாக்கெட்டுத் துணியத் தலைக்கு வச்சுத் தூங்கியிருக்காவ. காலையில கன்னத்துல சரிகக் கரை அச்சடிச்ச மாதிரி இருக்கு.

உதவிக்கு ஆள் இல்லையான்னு கேக்கியளா? இருக்காளே ஒருத்தி! என் கொழுந்தன் பொண்டாட்டி. ஆவுடைன்னு பேரு. கொழுந்தன் லாரியில போறவன், மாசத்துல பாதி நாளு வீட்ல இருக்கமாட்டான். அவளும் நாங்களும் ஒரே வீடுதான், ஒரே அடுப்புதான். கல்யாணமாகி வந்த புதுசுல "எனக்கும் தையல் கத்துக்குடுங்கக்கா"ன்னு வந்து நின்னா. பாத்தேன். பீச்சாங்கைக்காரி! காய் வெட்டுறது பீச்சாங்கை, கோலம் போடுறது பீச்சாங்கை. கத்தரிக்கோல எடுத்தா, அதையும் பீச்சாங்கையில. நான் சொல்லிட்டேன்: "ஏட்டி, கத்தரிய உண்டாக்குனவனே சோத்தாங்கைக்குத்தான் உண்டாக்கியிருக்கான். உனக்கு இது வராது. நீ போயி ஒலையப் பாரு." நல்லதுக்குத்தான் சொன்னேன். அதுக்குப் பொறவு அவ கேக்கவே இல்ல. நெலப்படியில சாஞ்சு நின்னு நான் தைக்கிறதப் பாத்துக்கிட்டே இருப்பா. வேல செய்ய வணங்காத ஆளு நின்னு வேடிக்கதான பாக்கும்?

சரி, துணிக்கு வாரேன். தீவாளிக்குப் பன்னெண்டு நாளு இருக்கும்போது, பீரோ மேல அடுக்கி வச்ச மூட்ட சரிஞ்சு அப்படியே என் தலையில விழுந்துட்டு. அடி ஒண்ணும் படல. ஆனா அந்தத் துணிக்குள்ள உக்காந்து அழுதேன் பாருங்க, ஓன்னு அழுதேன். யாருக்குத் தைக்க, யாருக்கு விட? வாக்குக் குடுத்தாச்சே! கண்ணத் தொடைக்கக் கையில கெடைச்ச துணிய எடுத்தா, அது ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா ஜாக்கெட்டு.

நிமிந்து பாத்தேன். எதுத்தாப்புல சாமி அலமாரி. ஆறுமுகசாமி படம், மயில் மேல. ஆறு மூஞ்சி, பன்னெண்டு கை. எனக்கு வந்துச்சே கோவம்!

"ஏ முருகா, எனக்கு ரெண்டே ரெண்டு கை. உனக்குப் பன்னெண்டு! வேலு புடிக்க ஒண்ணு, சேவக்கொடி புடிக்க ஒண்ணு, ஆசீர்வாதம் பண்ண ஒண்ணு. மத்த கையெல்லாம் என்ன பண்ணுது? ரெண்டு கொக்கி வச்சுக் குடுத்தா கொறஞ்சா போயிருவ? இனிமே என்னால ஆகாது. இது உன் பாரம். நீயே பாத்துக்கோ"ன்னு சொல்லி, வெட்டி வச்சிருந்த ஜாக்கெட்டுல அஞ்ச எடுத்து, அளவு ஜாக்கெட்டோட சுருட்டி, படத்துக்குக் கீழ வச்சேன். எங்க தொழில்ல துணிக்கு ஒரு துண்டுச் சீட்டுக் குத்துவோம்லா, யாரு துணி, எப்பம் குடுக்கணும்னு? அதையும் எழுதிக் குத்துனேன். "தைக்கிறவர்: முருகன். டெலிவரி: வெள்ளி." சாமியா இருந்தாலும் தேதி சொல்லிருணும். இல்லாட்டி நம்மள மாதிரி இழுத்தடிப்பாரு.

அப்படியே வீட்டப் பூட்டாம கெளம்பி, தெருக்கோடி முருகன் கோயில்ல உச்சிகால பூசைக்குப் போயிட்டேன். பூசை பாத்து, பட்டருகிட்டப் பேசி, நாலு பேருகிட்டப் பேசி, திரும்பி வந்து சாப்புட்டு ஒரு மணிநேரம் கண்ணசந்தேன். எந்திரிச்சுப் பாத்தா, தங்கச்சி, அஞ்சுல ரெண்டு ஜாக்கெட்டு தச்சு, மடிச்சு, படத்துக்குக் கீழ இருக்கு!

சிரிக்காதிய. என் பிள்ளைய மேல சத்தியமாச் சொல்லுதேன். ஹெம்மிங், கொக்கி எல்லாம் முடிஞ்சு இருக்கு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. "ஆவுட, ஏ ஆவுட, இங்க வந்து பாருட்டி, முருகன் தச்சுட்டாரு!"ன்னு கத்துனேன். அவ கரண்டியோட வந்து பாத்துட்டு, "அப்படியாக்கா?"ன்னா. அவ்வளவுதான். பக்தியே கிடையாது அவளுக்கு. அன்னைக்குச் சோறும் அடிப்புடிச்சுப் போயிருந்துச்சு. அடுப்புல வச்சுட்டு எங்கயோ போயிருதா.

மறுநாளு பூதக்கண்ணாடி வச்சு ஹெம்மிங்கப் பாத்தேன். தையல் எல்லாம் மறுபக்கமாச் சாஞ்சிருக்கு. நான் போட்டா இப்படிச் சாயும், இது அப்படிச் சாயுது. யோசிச்சேன். பொறவுதான் வெளங்குச்சு. பன்னெண்டு கையில ஆறு எடதுகைலா? சோத்தாங்கையில வேலு, கொடி, வாளுன்னு முக்கியமான சாமானா இருக்கும். சும்மா இருக்கிறது எடதுகைதான். நமக்கு எடதுகையால செஞ்சு தாராரு. எதையும் ஆராய்ஞ்சு பாக்கணும் தங்கச்சி, அப்பதான் பக்தி கெட்டிப்படும்.

தீவாளிக்கு ஒரு துணி பாக்கி இல்ல! கார்த்திகை வந்துச்சு, மார்கழி வந்துச்சு. நான் தெனமும் உச்சிகால பூசைக்குப் போயிருவேன், வந்து படுத்திருவேன். தூக்கத்துல பின்பக்கத்துல இருந்து டடக் டடக்னு சத்தம் வரும். மயிலு நடக்குன்னு நெனச்சுக்கிடுவேன். அங்கன எங்க மாமியார் காலத்து மெஷின் ஒண்ணு சாக்கு மூடிக் கெடக்கு, அதுக்குப் பக்கத்துல மயிலு நிக்கும்போலன்னு மெதுவா ஒருச்சாச்சுப் படுத்துக்கிடுவேன். சாமி வேல பாக்கும்போது எட்டிப் பாக்கப்படாதுலா?

ஒரு நாளு வெட்டக்கூட சோம்பல் பட்டு முழுத்துணியா வச்சுட்டேன். அதையும் வெட்டித் தச்சுட்டாரு! என்ன, வெட்டுன ஓரம் மட்டும் எலி கடிச்ச மாதிரி இருந்துச்சு. வேலு புடிச்சுப் பழகுன கைக்குக் கத்தரி வாகா இல்லபோல.

இந்த ஆவுடைதான் நாளுக்கு நாளு மோசமாயிட்டா. விரல்ல துணி சுத்திக்கிட்டு நிக்கா. என்னட்டின்னு கேட்டா, குத்திட்டும்பா. என்னத்தக் குத்திச்சுன்னா, கத்தரிக்காய் முள்ளும்பா. தலைமுடியெல்லாம் நூலு. பருப்புல நூலு! "வீட்டக் கூட்டினா ஏன்டி நூலு கெடக்கப் போகுது"ன்னு ஏசுனேன். முருகன் எனக்காக இவ்வளவு பாடுபடுதாரு, இவ ஒரு வேல உருப்படியாச் செய்யமாட்டேங்காளேன்னு அந்த முருகன்கிட்டயே சொல்லி அழுதிருக்கேன்.

செய்துங்கநல்லூர் தாண்டிட்டா? தண்ணி வச்சிருக்கியளா? ஒரு மொடக்குக் குடுங்க.

தை கிருத்திகைக்கு முருகனுக்குப் பெரிய படையல் போட்டேன். நன்றி சொல்லணும்லா? ரெண்டு படி கொண்டக்கடலைச் சுண்டல், பாயாசம். தெருவே வந்துச்சு. எல்லார்கிட்டயும் கதையச் சொல்லுதேன். அவளுவ வாயப் பொளந்துக்கிட்டு கேக்காளுவ. விளக்குப் பூசைக் குழுத் தலைவி கோமதியம்மா அங்கனயே சொல்லிட்டாவ: "தை கடைசி வெள்ளி விளக்குப் பூசைக்கு நாப்பத்தேழு பேருக்கும் ஒரே மஞ்சள் ஜாக்கெட்டு, முருகன் கையாலயே தச்சுத் தந்துரு பூரணவல்லி." நானும், "வச்சிட்டுப் போங்க, வெள்ளிக்கிழம தாரேன்"னுட்டேன்.

எல்லாருக்கும் சுண்டல் குடுத்துக்கிட்டே வாரேன். ஆவுட கடேசியில நின்னா. கைய நீட்டுனா. பீச்சாங்கை! அத்தன பேருக்கு முன்னால சாமி பிரசாதத்தப் பீச்சாங்கையில வாங்க வாரா! எனக்கு வந்த கோவத்துல, "சீ, எடு கைய! இந்தக் கைய வச்சுக்கிட்டு ஒரு நல்ல காரியம் செய்ய முடியுமாட்டி உன்னால?"ன்னு கேட்டுட்டேன். எல்லாரும் சிரிச்சாளுவ. அவ சிரிக்கல. சோத்தாங்கை முழுக்க ஊசி குத்தின வீக்கம் இருந்துச்சு, மடக்க முடியல. அத நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் சொன்னேன்.

அவ கையப் பாத்தா. என்னயப் பாத்தா. "முடியாதுக்கா"ன்னா. உள்ள போயி ரெண்டு சேலைய எடுத்துப் பையில வச்சுக்கிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. குரும்பூர். ஆமா, இந்த பஸ்ஸு போற வழிதான்.

போனாப் போறான்னு விட்டுட்டேன். எனக்கு முருகன் இருக்காருலா?

நாப்பத்தேழு மஞ்சள் ஜாக்கெட்டையும் படத்துக்குக் கீழ அடுக்குனேன். இடம் பத்தல, மிச்சத்த முக்காலியில அடுக்குனேன். சீட்டுக் குத்துனேன். கோயிலுக்குப் போயிட்டு வந்து படுத்தேன். மயிலுச் சத்தத்தக் காணோம். எந்திரிச்சுப் பாத்தேன். வச்ச துணி வச்ச மேனிக்கு இருக்கு. சரி, நாப்பத்தேழுலா, மலைச்சிருப்பாரு, நாளைக்கு ஆரம்பிப்பாருன்னு இருந்தேன். மறுநாளும் இல்ல. கூடக் கொஞ்சம் கும்புட்டேன். பாலபிஷேகம் பண்ணுனேன். காவடி எடுக்கேன்னேன். அசையல. பட்டருகிட்டப் போயி, "முருகன் எங்கயாவது வெளியூர் போயிருக்காரா"ன்னு கேட்டேன். அவரு என்னய மேலயும் கீழயும் பாத்துட்டு, "சாமி இங்கதான் இருக்கு. உங்க வீட்ல யாரும் ஊருக்குப் போயிருக்காளோ?"ன்னாரு. நான் எதக் கேக்கேன், இவரு எதக் கேக்காரு பாருங்கன்னு வந்துட்டேன்.

வெள்ளிக்கு மூணு நாளு இருக்கும்போதுதான் பயம் புடிச்சுது. நானே உக்காந்து ஓட்டுனேன். மிதிச்சு மிதிச்சுக் காலு வீங்கிட்டு. உடம்பத் தச்சுட்டேன், கை மாட்டிட்டேன். ஆனா ஒத்தக் கொக்கி வைக்க நேரம் இல்ல, ஹெம்மிங்கும் இல்ல. தெருவுல இருக்க கடையில எல்லாம் ஊக்கு வாங்கிட்டு வந்து, ஒரு ஜாக்கெட்டுக்கு அஞ்சு ஊக்குன்னு குத்தி, "கைய ரொம்பத் தூக்காம பூசை பண்ணுங்க"ன்னு சொல்லிக் குடுத்தேன்.

விளக்குப் பூசைன்னா தெரியும்லா? நாப்பத்தேழு குத்துவிளக்கு, நாப்பத்தேழு பொம்பளைய வரிசையா உக்காந்து, பட்டர் ஒவ்வொரு போற்றி சொல்லும்போதும் கைய எடுத்துப் பூப் போடணும். நூத்தியெட்டு போற்றி! பத்து வர ஒண்ணும் ஆகல. பதினொண்ணுல மொத ஊக்கு தெறிச்சுது. தெறிச்ச ஊக்கு மைக்குல போயி விழுந்து டங்குன்னுச்சு. அதுக்குப் பொறவு பட்டு பட்டுன்னு! பூப் போடுறதா, மானத்தக் காப்பாத்துறதா? நாப்பத்தேழு பேரும் முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டு, கைய வெளியவே எடுக்காம, "நீங்களே போட்டுருங்க சாமி"ன்னு பட்டரப் பாக்காவ. அந்த மனுசன் ஒத்த ஆளா நாப்பத்தேழு விளக்குக்கும் ஓடி ஓடிப் பூப் போட்டாரு. கோமதியம்மா என்னயப் பாத்து, "இது ஜாக்கெட்டா, தோரணமா?"ன்னாவ.

நீங்க சிரிக்கிய. இப்ப எனக்கும் சிரிப்புதான் வருது. அன்னைக்கு வரல தங்கச்சி. இருவத்தஞ்சு வருசப் பேரு ஒரு சாயங்காலத்துல போச்சு. துணி கொண்டாந்தவளுவ எல்லாம் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாளுவ. வீடு சுத்தமாக் கெடந்துச்சு.

சும்மா உக்காந்து என்ன செய்யன்னு, அந்தப் பழைய மெஷினையாவது தொடைப்போம்னு பின்னால போனேன். சாக்கத் தூக்குறேன், மெஷினுல புது எண்ணெ. ஊசி புதுசு. பக்கத்துச் சுவத்துல ஒரு ஆணி. அந்த ஆணியில என் சீட்டு. "தைக்கிறவர்: முருகன். டெலிவரி: வெள்ளி." "தைக்கிறவர்: முருகன். டெலிவரி: வெள்ளி." ஐப்பசியில இருந்து தை வர நான் எழுதுன அத்தன சீட்டும், ஒண்ணு விடாம, ஒழுங்காக் குத்தி இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஒரு டிக்கு. அந்த டிக்கு கூட மறுபக்கமாச் சாஞ்சிருக்கு.

முருகன் அங்கன போயி உக்காந்துதான் தச்சிருக்காரு.

கீழ ஒரு பெட்டி. அதுல செய்தித்தாள வெட்டி வெட்டிப் பழகியிருக்கு. மொதக் காகித ஜாக்கெட்டுக்கு ரெண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வெட்டியிருக்கு. யாரும் சொல்லித் தரலன்னா அப்படித்தான ஆகும்? அதுக்கு அடியில ஒரு ஜாக்கெட்டு, முழுசா முடிஞ்சது. நீலம். விரிச்சுப் பாத்தேன். இது யாரு முதுகு? எனக்கு எல்லார் முதுகும் தெரியும். இது தெரியல. போட்டுப் பாத்தேன். எனக்கு!

எனக்கு யாரு தச்சுக் குடுத்திருக்கா தங்கச்சி? ஊருக்கெல்லாம் தச்சுக்கிட்டு, நான் மிச்சத் துணியில ஒட்டுப் போட்டுத்தான் போடுவேன். என் முதுக எனக்குத் தெரியாதே! நெலப்படியில நின்னு பாத்தவங்களுக்குத்தான் தெரியும். நான் அந்தச் சாக்கு மேலயே உக்காந்து அழுதேன். இந்தத் தடவ கண்ணத் தொடைக்கத் துணி கூட இல்ல.

இந்தா, நான் போட்டிருக்கேன்லா, இதுதான். பாருங்க, தோள்பட்டையப் பாருங்க. எங்கயாவது இழுக்கா? ஒரு கொறதான். கொக்கிய மாத்தி வச்சிருக்கு, எடதுகைக்கு வாகா. காலையில மாட்ட எனக்குக் கால்மணி நேரமாகுது. எங்க வீட்ல அவிய, "பிரிச்சு மாத்தித் தைக்க வேண்டியதுதான"ங்காவ. எனக்கு மனசு வரல. என் கை பழகிக்கிடட்டும்னு விட்டுட்டேன்.

காணிக்க என்னன்னு கேட்டியளா? எடுத்துக் காட்டுதேன், கையில பட்டுராம. கத்தரிக்கோலு. சும்மாக் கத்தரி இல்ல. எடதுகைக்காரங்களுக்குன்னே செய்யுதாவளாம், எனக்கே தெரியாது. கடையில கேட்டா சிரிச்சான். விடாம நின்னு மதுரையில சொல்லி வரவழைச்சேன். உண்டாக்குனவன் உண்டாக்கித்தான் வச்சிருக்கான், நாந்தான் கேட்டுப் பாக்கல.

தென்திருப்பேரை வந்துட்டா? அடுத்தாப்புல குரும்பூருதான.

உங்ககிட்ட மறைக்காமச் சொல்லுதேன். போன ரெண்டு வெள்ளிக்கிழமையும் இதே பஸ்ஸுதான், இதே கத்தரிதான். குரும்பூர் வரும், எந்திரிப்பேன். காலு நகராது. வயசுல மூத்தவ, நான் போயி அவ வீட்டு வாசல்ல என்னன்னு நிக்க? மொகத்துல அடிச்ச மாதிரி கதவச் சாத்திட்டான்னா? திரும்ப உக்காந்திருவேன். திருச்செந்தூர் போயி, கடல்ல காலு நனைச்சு, சாமி கும்புட்டு, கத்தரியோட திரும்பி வந்திருவேன். உண்டியல்ல போடலாம்னு கூடப் பாத்தேன். ஓட்டைக்குள்ள போகல. நீட்டிக்கிட்டு நிக்கி.

என்ன சொல்லுதிய? அவதான் தச்சான்னா? சும்மா இருங்க தங்கச்சி! நான் யாருகிட்ட துணியக் குடுத்தேன்? முருகன்கிட்ட. அப்பம் யாரு தச்சா? முருகன். இதுல மாத்தமே கிடையாது. அவருக்குப் பன்னெண்டு கை. அதுல ஒரு எடதுகை என்கிட்டக் கோவிச்சுக்கிட்டு குரும்பூர்ல போயி உக்காந்திருக்கு. அவ்வளவுதான் விசயம்.

ஏ கண்டக்டர் தம்பி! விசில் அடிங்க, விசில் அடிங்க! திருச்செந்தூர் டிக்கெட்டுதான்யா, இருந்துட்டுப் போகட்டும். குரும்பூர்ல எறங்குதேன். தங்கச்சி, பையப் புடிச்சுக் கொஞ்சம் தூக்கி விடுங்க. எந்திரிச்சுட்டேன் பாத்தியளா? காலு நகருது. அவ எந்தக் கையில வாங்குனாலும் நான் வாயத் திறக்கமாட்டேன். நான் ரெண்டு கையாலயும் குடுக்கேன்.

உங்க ஜாக்கெட்ட எனக்குப் பாக்கச் சகிக்கல. அடுத்த வாரம் பாளையங்கோட்டைக்குக் கொண்டாங்க, பிரிச்சுத் தச்சுத் தாரேன். வெள்ளிக்கிழம வாங்கிக்கிடலாம். எந்த வெள்ளியா? இருங்க, அவகிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்.